தாம்பாளத்தில் வந்த மதர்போர்டு

1. தட்டு வரிசை

ஏற்காட்டுக்குப் பக்கத்துக் கொட்டச்சேட்டில் குப்புசாமி அண்ணன் புது வீட்டில் பால் காய்ச்சிய வெள்ளிக்கிழமை காலையில் நானும் போயிருந்தேன். மேளக்காரர்கள் முன்னால் வர, பின்னால் சீர்த்தட்டுகள் வந்தன. முதல் தாம்பாளத்தில் தேங்காய் பழம். அடுத்ததில் வேட்டி சேலை. அதற்கடுத்த தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, நடுவில் ஒரு மதர்போர்டு. அதன் பின்னால் பட்டுத்துணி விரித்த இன்னொரு தாம்பாளம், அதில் ஒரு புராசஸர். பெட்டிகளின் மேல் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

ஏற்காடு பஜாரில் ஒற்றை ஷட்டர் கடை வைத்து இருபத்தைந்து வருஷமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். கணக்கில் பெயிலான பத்தாவதுதான் என் படிப்பு. அதற்கு முன் ரேடியோ, டிவி மெக்கானிக். முருகன் புண்ணியத்திலும், நான் எரித்த சாமான்களின் புண்ணியத்திலும் கற்றுக்கொண்ட தொழில் இது. ஆனால் மேளதாளத்தோடு மதர்போர்டு வந்து நான் பார்த்ததில்லை. கும்பிடுவதா, வாங்கி வைப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

மதர்போர்டு பெட்டி நீலம், புராசஸர் பெட்டி சிவப்பு. கிட்டப் போய்ப் பார்த்ததும் சிக்கல் புரிந்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன்.

உலகத்தில், கம்ப்யூட்டருக்கு மூளையான புராசஸரைச் செய்கிற பெரிய கம்பெனிகள் இரண்டு. பெயர் வேண்டாம், சிவப்புக் கம்பெனி, நீலக் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிற பிள்ளைகள் கட்சி பிரிந்து அப்படித்தான் சொல்கிறார்கள். சிவப்பின் புராசஸர் நீலத்தின் போர்டில் உட்காராது. உட்காரவைக்கும் சாக்கெட்டே வேறு. இரண்டுமே நல்ல சாமான்தான், தனித்தனியாக வைத்துப் பார்க்கும் வரை.

2. யாருக்கு, எதற்கு

இதெல்லாம் குப்புசாமி அண்ணனின் மகள் நிவேதாவுக்காக. சேலத்தில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் காப்பிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்த பெண். கேம் டெஸ்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். இன்னும் வெளிவராத விளையாட்டை ஆடிப் பார்த்து எங்கெங்கே தப்பு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் சொந்தமாகத் தகுதியான மெஷின் இருக்க வேண்டும். பால் காய்ச்சியதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. மெஷின் ஓடாவிட்டால் வாய்ப்பு வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பால் காய்ச்சுவதற்கு இரண்டு வாரம் முன்பு அப்பாவும் மகளும் என் கடைக்கு வந்தார்கள். மகள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டார்:

“ஏனுங்க, வெளையாடறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?”

“ஆமாங்ண்ணா. நல்ல வேலைங்க.”

“அப்பப் புதுசொண்ணுமில்லீங்க. எங்க எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரு இருவது வருஷமா அதைத்தான் பண்றாரு.”

நான் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் பிள்ளையார் சுழி போட்டு, ‘முருகன் துணை’ எழுதி, லிஸ்ட் போட்டேன். புராசஸர் 1. மதர்போர்டு 1. ராம் 2. கிராபிக்ஸ் கார்டு 1. எஸ்எஸ்டி 1. பவர் சப்ளை 1. கேபினட் 1. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு மாதிரி எழுதினேன். எந்த மாடல், எந்த சாக்கெட், எந்தத் தலைமுறை ராம், எதையும் எழுதவில்லை.

மறந்துபோய் விடவில்லை. மாடல் நம்பரோடு எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளர் தாளை எடுத்துக்கொண்டு நேராக ஆன்லைனுக்குப் போய்விடுவார். ஆகையால் நம்பரை மனதில் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் தாளில் எழுதுவது எங்கள் லைனில் வழக்கம். அப்போதுதான் சாமான் வாங்கவும் நம்மிடமே வருவார்கள். இதைத் தொழில் ரகசியம் என்று சொல்லிக்கொள்வோம். சாமி கும்பிடும்போது மட்டும் இதைப் பற்றி நினைக்க மாட்டோம்.

3. பங்கு பிரித்தது

அந்தத் தாள் அதன்பின் பட்ட பாடு எனக்குத் தெரியாது. தெரிந்தபோது தட்டு வரிசை வந்துவிட்டது.

சொந்தக்காரர்கள் சீர் என்ன வைக்கட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வழக்கமாக பீரோ, கட்டில், கிரைண்டர் வரும். குப்புசாமி அண்ணன், “கெரைண்டரே மூணு கெடக்குது. பாப்பாவுக்கு இதுல ஆளுக்கொண்ணு வாங்கிப் போடுங்க” என்று என் லிஸ்ட்டை நடுவில் வைத்துப் பங்கு பிரித்துவிட்டார். திருவிழாவில் பூ ஒருத்தர், பந்தல் ஒருத்தர் என்று ஏற்றுக்கொள்கிற மாதிரி.

புராசஸர், நிவேதாவின் தாய்மாமன் மாதையனுக்கு. மதர்போர்டு, பெரியப்பா அர்த்தநாரிக்கு. ராம், கிளியூரில் எஸ்டேட் வேலைக்குப் போகிற அத்தை சரோஜாக்காவுக்கு. மீதியைக் குப்புசாமி அண்ணன், மற்றது அப்புறம் என்று மட்டும் சொல்லி, என்னிடமே வாங்கியிருந்தார், அதில் பிரச்சினை இல்லை.

பிரச்சினை எங்கே என்றால், மாதையனும் அர்த்தநாரியும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேர் காட்டுக்கும் நடு வரப்பில் ஒரு சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக்கொடி. மரம் யாருடையது, மிளகு யாருடையது என்பதில் தொடங்கியது. இரண்டு பேரும் சேலத்துக்குப் போய், தனித்தனிக் கடையில், ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள்: “அந்தாளு வாங்கறதைவிட ஒசத்தியாக் குடுங்க.” கடைக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். எந்த மாடலோடு சேர வேண்டும் என்று கேட்டிருந்தாலும், என் தாளில் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

4. இரண்டு கை தூரம்

பந்தி முடிந்ததும் கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னேன்.

“ரெண்டும் நல்ல சாமானுங்க. ஆனா ஒண்ணுக்கொண்ணு சேராதுங்க.”

மாதையன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “இதைச் சொல்றதுக்கு மெக்கானிக்கு வேணுங்களா? அந்தூட்டு சாமானு எங்கூட்டு சாமானோட என்னைக்குங்க சேந்துது?”

இரண்டு கை தூரத்தில் நின்றிருந்த அர்த்தநாரி சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் பேசினார். “மெக்கானிக்கு, அவருகிட்டச் சொல்லுங்க. போர்டுங்கறது ஊடு. பொராசஸருங்கறது குடி வர்ற ஆளு. ஊட்டுக்குத் தகுந்த ஆளு வரோணும். ஆளுக்காக ஊட்டை இடிப்பாங்களா?”

“மூளையில்லாத ஊட்டை வெச்சு என்ன பண்றதுன்னு அவரைக் கேட்டுச் சொல்லுங்க.”

“மூளை யாருக்கில்லைன்னு கேளுங்க.”

இப்படிக் கொஞ்ச நேரம் தபால்காரனாக இருந்தேன். புராசஸரையோ போர்டையோ, யாராவது ஒருத்தர் கடையில் மாற்றிக்கொண்டு வந்தால் போதும் என்று கெஞ்சினேன். சபையில் வைத்த சீரைக் கடைக்குத் திருப்புவதா? சீரைத் திருப்பினால் உறவைத் திருப்பியதாக அர்த்தம். அதுவும் அந்தாளுக்காகவா? இரண்டு பேரும் அசையவில்லை. பெங்களூரில் ஐடியில் இருக்கும் ஒரு சொந்தக்காரத் தம்பி, டிரைவர் சாஃப்ட்வேரை அப்டேட் செய்தால் எல்லாம் சேர்ந்துவிடும் என்றார். அவர் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை.

நிவேதா சமையற்கட்டு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள். “திங்கக்கெழமை பத்து மணிங்ண்ணா.”

5. சங்குப்பூ

கடைசியில் குப்புசாமி அண்ணன், “அம்மன்கிட்டப் பூக் கேட்டுருவோம்” என்றார்.

கல்யாணம், போர்வெல் போடுவது, காடு விற்பது என்று முடிவுக்கு வராத எதையும் எங்கள் பக்கத்தில் பூ வைத்துக் கேட்பார்கள். இரண்டு நிறப் பூவைத் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. வந்த பூதான் வாக்கு. அன்று சாயங்காலம் எல்லோரும் ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம்.

பூசாரி வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் எடுத்தார்.

“வெள்ளை வேண்டாமுங்க. இன்னொண்ணு நீலக் கம்பெனிங்க” என்றேன்.

“நீலத்துக்கு நான் எங்கீங்க போறது?”

யாரோ வேலியிலிருந்து ஒரு சங்குப்பூ பறித்துக் கொடுத்தார்கள். பூசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்தார். “கேள்வியை நீங்களே சொல்லீருங்க. எனக்கு வாயில நொழையல. அம்மாவுக்குப் புரிஞ்சுக்கத் தெரியும்.”

நான் நம்பிக்கை உள்ளவன். இதைக் கேலியாக எழுதவில்லை. கேலிக்குரிய ஆள் அங்கே நான்தான். ஏனென்றால் கை கூப்பி நின்று நான் கேட்கவில்லை, சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நீலம் வந்தால் புராசஸர் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். பில்லைக் கேட்டுப் பார்த்திருந்தேன், சரோஜாக்கா வாங்கிய ராம் டிடிஆர்-4 என்ற தலைமுறை, அது அந்த நீல போர்டில் சரியாக உட்காரும். வேலை சுலபம். ஆகவே தாயே, நீலம், நீலம் என்று வேண்டினேன். பதிலை நானே எழுதி எடுத்துக்கொண்டு அம்மனிடம் கையெழுத்துக்குப் போன மாதிரி.

நிவேதா ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு அரளி.

மாதையன் மீசையைத் தடவினார். அர்த்தநாரி கன்னத்தில் போட்டுக்கொண்டு, “அம்மன் சொன்னாச் சரிதானுங்க. நான் போர்டை மாத்திப் போடறேன்” என்று உடனே ஒப்புக்கொண்டார். சாமியிடம் தோற்கலாம். மச்சானிடம்தான் தோற்கக் கூடாது.

அங்கேதான் நான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. மாமன் வாங்கியது சிவப்பில் புதுத் தலைமுறை. அதற்கான போர்டில் டிடிஆர்-5 ராம் மட்டும்தான் போகும். ஆகவே ராமையும் மாற்ற வேண்டும் என்றேன்.

சரோஜாக்கா மடியிலிருந்து ஒரு சிறு துணிப் பையை எடுத்தார். அவர் சீர் சின்னதாக இருந்ததால் தட்டில் வைக்கக் கூச்சப்பட்டு மடியிலேயே வைத்திருந்திருக்கிறார். வெளியே எடுத்ததும் பார்த்தேன். பெட்டி இல்லை. உள் உறையும் இல்லை. இரண்டு ராம் பட்டையிலும் மஞ்சள் தேய்த்து, நடுவில் வட்டமாகக் குங்குமம்.

“பொட்டியோட வெச்சாச் சாமி பாக்காதுன்னு, பிரிச்சு மஞ்சத் தேச்சனுங்க. தப்புங்களா?”

மஞ்சள் தேய்த்த ராமை எந்தக் கடையில் திருப்பி வாங்குவார்கள்?

“அப்ப எம்பட சாமானு வேண்டாமுங்களா?” என்றார் சரோஜாக்கா. குரல் இறங்கிவிட்டது.

6. நம்பர் இல்லாத லிஸ்ட்

நிவேதா அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அந்தக் காலண்டர் தாளை வாங்கிப் பார்த்தாள். அம்மன் சன்னதி விளக்கு வெளிச்சத்தில் மேலிருந்து கீழே படித்தாள்.

“இதுல எதுக்குமே மாடல் நம்பர் இல்லையேங்ண்ணா. ஏன் எழுதாம உட்டீங்க?”

காலையிலிருந்து நான் மாமனையும் பெரியப்பாவையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவன். வேறு இடமாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஐந்தடி தூரத்தில் அம்மன். பொய் வரவில்லை.

“தப்பு எம்மேலதான் சாமி. நம்பர் எழுதினா நீங்க வேற எடத்துல வாங்கீருவீங்கன்னுதான் எழுதல. யாரு என்ன வாங்கியிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்.”

அர்த்தநாரி மெதுவாகத் திரும்பினார். சுவர்ப் பக்கம் இல்லை, மாதையன் பக்கம்.

“பாத்தீங்களா மச்சான், நம்ம ரெண்டு பேரையும் எப்படிக் கோத்து உட்டிருக்கறான்னு.”

“நான் மொதல்லயே நெனச்சனுங்க மாப்ள. இந்தாளு மூஞ்சியே சரியில்ல.”

“நெத்தி நெறைய திண்ணீறு வேற.”

“அதைச் சொல்லுங்க.”

ஆறு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிய முதல் பேச்சு இது. பொதுவாக ஒரு அயோக்கியன் கிடைத்துவிட்டால் மனிதர்களுக்குள் எவ்வளவு சீக்கிரம் ஒற்றுமை வருகிறது என்பதை அன்று பார்த்தேன். அந்த அயோக்கியன் நான் என்பதுதான் சங்கடம்.

திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போதே வழி புலப்பட்டது. சிவப்புக் கம்பெனியின் முந்தின தலைமுறை இன்னும் கடையில் கிடைக்கிறது. அதன் போர்டில் டிடிஆர்-4 போகும். மாமன் புராசஸரை ஒரு தலைமுறை இறக்கி மாற்ற வேண்டும். பெரியப்பா போர்டை அதற்கேற்ற சிவப்பு போர்டாக மாற்ற வேண்டும். சரோஜாக்காவின் ராம் அப்படியே இருக்கலாம். அம்மன் வாக்கும் தப்பாது.

“அப்ப நான் ஜெயிச்சும் மாத்தோணுமா?” என்றார் மாதையன்.

“மாத்தோணுமுங்க.”

“நானுந்தான் மாத்தறனே மச்சான்” என்றார் அர்த்தநாரி. “சரோசா மஞ்சத் தேச்சுப்போட்டா. அவளைப் போயி மாத்தச் சொல்றதுங்களா? உடுங்க, காலைல ஜீப்புல போவோம். இவனையும் கூட்டிக்குவோம். தனியா உட்டா மறுபடி நம்பரை முழுங்கீருவான்.”

7. இருபது வளைவு

சனிக்கிழமை காலை ஜீப்பில் பின் சீட்டில் மாமன் ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம், நடுவில் நான். சேலம் இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தர் என் மேல் சாய்வார், சாயும்போதே ஒரு வார்த்தை சொல்வார். பதினான்காவது வளைவில் பேச்சு சில்வர் ஓக் மரத்துக்குப் போய்விடுமோ என்று பயந்தேன். போகவில்லை. என்னைப் பற்றிப் பேசவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

வேலை தரும் கேம் கம்பெனி அனுப்பிய தகுதிப் பட்டியலை நிவேதா தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தாள். இந்த முறை ஒவ்வொரு நம்பரையும் சாமானோடு ஒப்பிட்டுப் பார்த்து, பெரியவர்கள் இருவரையும் வாய்விட்டுப் படிக்கவைத்தேன். சீல் உடையாத பெட்டிகள் என்பதால் கடைக்காரர்கள் சந்தனத்தைத் துடைத்துவிட்டு மாற்றிக் கொடுத்தார்கள்.

“பழைய தலைமொறைன்னா சீரு கொறஞ்சு போகாதுங்களா?” என்று மாமன் மட்டும் ஒருமுறை கேட்டார். பாப்பா சோதனைக்கு இது தாராளமாகப் போதும் என்றேன். சீர் குறையாமல் இருக்க, விளையாட்டுகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியை, நான் கொடுத்திருந்ததைவிடப் பெரியதாக இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்கள். சேர்ந்து.

8. அழிரப்பர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் சூடம் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி சொந்தம் முழுக்க நின்றது. புராசஸரைச் சாக்கெட்டில் வைத்தேன், தானாக இறங்கியது. மேலே சூடு கடத்தும் பேஸ்ட், அதன் மேல் கூலர் ஃபேன். ராம் இரண்டும் கிளிக் என்று உட்கார்ந்தன. கிராபிக்ஸ் கார்டு மாட்டி, ஒயர் கொடுத்து, முருகா என்று ஸ்விட்சைத் தட்டினேன்.

ஃபேன் சுற்றியது. கலர் விளக்கெல்லாம் எரிந்தது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

“பூவுல தப்பாயிருச்சுங்களா?” என்று யாரோ கேட்டார்கள். நிவேதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

டிஸ்ப்ளே வராவிட்டால் முதலில் ராமைப் பார்க்க வேண்டும். கழற்றினேன். போர்டுக்குள் போகிற தங்கப் பல் வரிசையில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. பையைத் துழாவினால் எல்லாம் இருந்தது, அழிரப்பர் மட்டும் இல்லை. நிவேதா பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸைத் தேடி எடுத்து, பாதி தேய்ந்த ரப்பர் ஒன்றைக் கொடுத்தாள். பல் வரிசையை இரண்டு பக்கமும் பதமாகத் தேய்த்தேன். மேலே தகட்டில் இருந்த குங்குமத்தைத் தொடவில்லை. சரோஜாக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி மாட்டித் தட்டினேன். மானிட்டரில் எழுத்து வந்தது. சரோஜாக்கா கும்பிட்டார். நானும்.

கண்ணாடிக் கதவு வழியாகக் கேபினட்டுக்குள் குனிந்து பார்த்த மாதையன் கேட்டார்: “எம்பட சாமானு எங்கீங்க?”

“ஃபேனுக்கு அடியிலீங்க.”

“எதுக்குங்க ஒளிச்சு வெச்சீங்க? தாய்மாமன் சீருங்க அது.”

“அப்ப என்னுது?” என்றார் அர்த்தநாரி.

“எல்லாத்துக்கும் அடியிலீங்க.”

“கோயில் டியூப்லைட்டுல எழுதறாப்பல, கண்ணாடி மேல நம்ம பேரைப் பெயிண்டுல எழுதீரலாமுங்களா மச்சான்?”

எழுதினால் உள்ளே ஒன்றும் தெரியாது என்று நிவேதா தடுத்துவிட்டாள். இப்போது கண்ணாடி வழியாகப் பளிச்சென்று தெரிவது, விளக்கு வெளிச்சத்தில் குங்குமப் பொட்டோடு நிற்கும் இரண்டு ராம் பட்டைகள்தான்.

9. பாடம்

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடையைத் திறந்து வைத்துவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் குப்புசாமி அண்ணன் கூப்பிட்டார்.

“பாப்பாவுக்கு வேலை குடுத்துட்டாங்க. தப்பு நொம்பக் கண்டுபுடிச்சாளாமா. ஏனுங்க, அடுத்தவன் தப்பைக் கண்டுபுடிக்கறதுக்குச் சம்பளம்னா, எங்க மச்சானையும் அண்ணனையும் சேத்துக்குவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க.”

அன்று முதல் என் லிஸ்ட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் நேராக மாடல், சாக்கெட், தலைமுறை எல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். சிலர் அதை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் வாங்குகிறார்கள். வாங்கட்டும். மாட்டுவதற்கு என்னிடம்தான் வருகிறார்கள். வராதவர்களையும் முருகன் பார்த்துக்கொள்வான். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தெரிந்ததை மறைத்து எழுதிக் கொடுத்துவிட்டு, வாங்கினவனுக்கு விவரம் போதவில்லை என்று திட்டாதீர்கள்.

லிஸ்ட்டின் கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன்: ‘மஞ்சள் குங்குமம் பெட்டியின் மேல் மட்டும் வைக்கவும்.’

போன வாரம் சரோஜாக்கா டிவி ரிமோட்டுக்குப் பேட்டரி வாங்க வந்தவர், மேஜை மேல் கிடந்த லிஸ்ட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசி வரி வந்ததும் நிமிர்ந்தார்.

“இதை அடிச்சுப்போடுங்க. நான் உள்ள வெச்சதுனாலதானுங்க அவங்க ரெண்டு பேரும் எறங்கி வந்தாங்க.”

யோசித்துப் பார்த்தேன். பேனாவை எடுத்து அடித்துவிட்டேன். அழிரப்பர் ஒன்று மட்டும் நிரந்தரமாகப் பையில் இருக்கிறது.